களவு போய் மீண்ட வண்டி

ஐப்பசி மழை விடாது பெய்துகொண்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, என் தங்கை மகன் குடையை வாசற்படியிலே சாத்திவிட்டு உள்ளே வந்தான். வந்தவன் உட்காரவும் இல்லை. தேநீரைத் தொடவும் இல்லை.

“மாமா, ஒரு கார் அமைந்திருக்கிறது. சின்னக் கார்தான், மாருதி ஆல்ட்டோ. கேட்கும் விலை நமக்கு எட்டுகிற விலை. ஒரேயொரு குறை. களவு போய்த் திரும்பி வந்த வண்டியாம். விற்கிறவரே மறைக்காமல் சொல்லிவிட்டார்.”

அவனுக்குப் பின்னாலேயே வந்த என் தங்கை, நனைந்த முந்தானையைப் பிழிந்தபடி, “ஒரேயொரு குறையாம், கேட்டீர்களா அண்ணே! களவு போய் வந்த பொருள் ஒரு வீட்டுக்கு ஆகுமா? யார் வயிறு எரிந்ததோ! அந்த எரிச்சல் அதிலே ஏறி உட்கார்ந்திருக்காதா?” என்றாள்.

மகன் சிரித்தான். நான் சிரிக்கவில்லை. தங்கையின் பேச்சிலே பாதி பழைய நம்பிக்கை. மறுபாதியோ மிகவும் கூர்மையான கேள்வி. யார் வயிறு எரிந்தது என்பதை அறியாமல் அப்படிப்பட்ட வண்டியை வாங்கலாகாது என்றுதான் சட்டம் கற்றவர்களும் சொல்லுவார்கள். அதையே அவள் தன்னுடைய பாஷையிலே சொன்னாள்.

பணம் அவளுடையது என்பதை முதலிலே சொல்லிவிட வேண்டும். இராகலையைச் சூழ்ந்த தோட்டங்களுள் ஒன்றிலே முப்பத்தெட்டு ஆண்டுகள் கொழுந்து பறித்து ஓய்வு பெற்றபோது, ஊழியர் சேமலாப நிதியாக அவள் கைக்கு வந்த தொகை அது. 1958 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கச் சட்டத்தினால் ஏற்பட்ட அந்த நிதிக்குத் தொழிலாளியின் சம்பளத்திலே நூற்றுக்கு 8 பிடிக்கப்படும். தொழில் கொடுப்பவர் நூற்றுக்கு 12 சேர்த்துக் கட்டுவார். தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் ஆயிரம் ரூபாவை எட்டியதே 2021 இலேதான். 2024 செப்டெம்பரிலே அடிப்படைச் சம்பளம் 1,350 ரூபாவாயிற்று. அதற்கு முந்திய முப்பது முப்பத்தைந்து வருஷங்களிலே அவள் பெற்ற கூலி எவ்வளவு, அதிலே நூற்றுக்கு இருபது எவ்வளவு என்று கணக்குப் பார்க்கத் தெரிந்தவர்கள், அந்தக் காசோலையின் கனத்தையும் அறிவார்கள். போதாத தொகைக்கு இரண்டு சோடி வளையல் அடகுக் கடைக்குப் போகவேண்டும். மைத்துனரிடம் கைமாற்று வாங்கவேண்டும்.

அவ்வளவு பாடுபட்டுக் கார் எதற்கு என்று கேட்கலாம். பையன் ஆறு வருஷமாக முச்சக்கரவண்டி ஓட்டுகிறவன். இரவிலே பிள்ளைப்பேற்று வலி கண்ட ஒரு பெண்ணையோ, மூச்சு வாங்கும் ஒரு கிழவரையோ, மழையும் மூடுபனியும் உள்ளே அடிக்கும் அந்த வண்டியிலே கந்தப்பளை வழியாக நுவரெலியா ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகிறபோது அவன் பட்ட வேதனையை என்னிடம் பலமுறை சொல்லியிருக்கிறான். ஒரு காலத்திலே இந்தப் பாதைக்குத் துணையாக ரயிலே ஓடிற்று. நானுஓயாவிலிருந்து நுவரெலியா, கந்தப்பளை ஊடாக இராகலை வரை, கைக்கு அடக்கமான குறுகிய பாதையிலே ஒரு சின்ன ரயில் தேயிலைப் பெட்டிகளையும் ஆட்களையும் ஏற்றிக்கொண்டு வந்து போயிற்று. 1940 களிலே தண்டவாளத்தைக் கழற்றிவிட்டார்கள். எங்கள் பாட்டனார் அதன் ஊதலைக் கேட்டு நேரம் சொல்லுவார் என்பது வீட்டுக் கதை. அது போகட்டும்.

கார் விலை இப்படி ஏறியதற்கும் ஒரு காரணம் உண்டு. 2020 மார்ச்சிலே நாட்டின் அந்நியச் செலாவணியைக் காப்பதற்காக வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2022 இலே வந்த பொருளாதார வீழ்ச்சியினால் தடை நீண்டது. சொந்த உபயோக வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியிலேதான் வழி திறந்தது. திறந்தும் வரிச் சுமை குறையவில்லை. இடையிலே ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள், ஓடிக்கொண்டிருந்த பழைய வண்டிகளே கைமாறிக் கைமாறி விலையேறின. பழைய கார் வீட்டு முற்றத்துத் தங்கமாயிற்று என்றால், தங்கத்துக்கு வருகிற கள்வன் அதற்கும் வருவான் அல்லவா? ஆகவே களவு போய் மீண்ட வண்டி என்பது இன்று எவருக்கும் எதிர்ப்படக்கூடிய ஒன்று.

இனி, தங்கையின் கேள்விக்கு வருவோம்.

களவு என்பது பொருளின் இடத்தை மாற்றுமேயன்றி அதன் உரிமையை மாற்றாது. இந்தத் தத்துவம் மிகப் பழையது. தன்னிடம் இல்லாததை எவனும் பிறனுக்குக் கொடுக்க முடியாது என்று உரோமர் வகுத்த விதி, ஒல்லாந்தர் கொண்டு வந்த உரோம-டச்சுச் சட்டத்தின் வழியாக நமது தீவிலே நிலைத்தது. 1896 ஆம் ஆண்டின் பொருள் விற்பனைச் சட்டமும் அதனையே தழுவி நிற்கிறது. உரித்தாளன் அல்லாதவன், அவனுடைய அனுமதியும் இன்றி ஒரு பொருளை விற்றால், வாங்கியவனுக்கு விற்றவனைவிட மேலான உரிமை கிடைப்பதில்லை. வாங்கியவன் எவ்வளவு நல்லவனாயினும், முழு விலை கொடுத்திருப்பினும், உண்மையான உரித்தாளன் வந்து கேட்டால் கொடுத்துவிட வேண்டியதே. கொடுத்த விலையை விற்றவனிடம் கேட்டு வழக்காடலாம். ஆனால் அதற்குள் அவன் எந்த ஊரிலே இருப்பானோ!

இங்கிலாந்திலே இதற்கு ஒரு விசித்திரமான விலக்கு வெகுகாலம் இருந்தது. பகிரங்கச் சந்தையிலே, சூரிய உதயத்துக்கும் அஸ்தமனத்துக்கும் இடையிலே, நல்லெண்ணத்தோடு ஒருவன் வாங்கிய பொருள் திருட்டுப் பொருளாக இருந்தாலும் அவனுக்கே சொந்தமாகும் என்பது அந்த விலக்கு. பகல் வெளிச்சத்திலே நாலு பேர் பார்க்க விற்கப்படும் பொருளை உரியவன் வந்து பார்த்துக் கண்டுகொள்ளட்டும் என்பது பழங்காலத்தவர் எண்ணம். சந்தை ஒன்றே இருந்த சிற்றூருக்கு அது பொருந்தியிருக்கலாம். இரவிலே வடக்கே திருடி விடியுமுன் தெற்கே கொண்டு போகக்கூடிய காலத்திலே அது கள்வருக்கே கவசமாயிற்று. 1994 இலே ஒரு சட்டத் திருத்தம் அதனை நீக்கிற்று. 

இதையெல்லாம் நான் சொல்லக் கேட்ட மருமகன் முகம் வாடிற்று. “அப்படியானால் அம்மா சொன்னதுதான் சரியா, மாமா? இந்த வண்டி என்றைக்கும் திருட்டு வண்டிதானா?”

இல்லை. இங்கேதான் நமது 1883 ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவையிலே அழகான ஓரிடம் வருகிறது. திருட்டுப் பொருள் எது என்று விளக்கிக்கொண்டே வந்து, அப்பொருள் பின்னர் அதனை வைத்திருக்கச் சட்டப்படி உரிமையுள்ளவனிடம் வந்து சேருமானால், அந்தக் கணமே அது திருட்டுப் பொருளாக இருப்பது ஒழிகிறது என்று அச்சட்டம் கூறுகிறது. சாவு வீட்டுக்குத் தீட்டுக் கழிக்க ஒரு நாள் இருப்பது போலச் சட்டமும் களவு போன பொருளுக்கு ஒரு தீட்டுக் கழிப்பு வைத்திருக்கிறது. உரியவன் கை பட்டால் அது கழியும். 

என் தங்கைக்கு இது மிகவும் பிடித்துவிட்டது. ஆனால் உடனே அடுத்த கேள்வியைக் கேட்டாள்: “அப்படியென்றால் இது யார் கைக்கு வந்தது அண்ணே? பறிகொடுத்தவர் கைக்கா, வேறு யாருடைய கைக்குமா?”

முழு விடயமும் அந்தக் கேள்விக்குள்ளேதான் இருந்தது.

ஏனெனில், களவு போன அன்று உரித்தாளராக இருந்தவரே, மீண்ட அன்றும் உரித்தாளராக இருப்பார் என்று சொல்ல முடியாது. முழுக் காப்புறுதி செய்திருந்த வண்டி களவு போய், தேடியும் கிடைக்காமற் போனால், காப்புறுதி நிறுவனம் இழப்பீட்டைக் கொடுக்கும். கொடுத்த பின்னர் வண்டி அகப்பட்டால், வழக்கமாக அஃது அந்த நிறுவனத்துக்கே உரியது. பணத்தையும் பெற்றுக்கொண்டு வண்டியையும் வைத்துக்கொள்ள எவருக்கும் நியாயம் இல்லை. நிதிக் கம்பெனியிலே கடன் பெற்று வாங்கிய வண்டியாயின், பதிவுப் பத்திரத்திலே அந்தக் கம்பெனியின் பெயரும் நிற்கும். கடன் தீர்ந்து அப்பெயர் நீக்கப்படும் வரை அதன் சம்மதமின்றி விற்க முடியாது. இவற்றுக்கு மேலே நீதிமன்றம் இருக்கிறது. பொலிசார் கைப்பற்றிய வண்டி வழக்கின் தடயப் பொருள். அதனை யாரிடம் ஒப்படைப்பது என்று கட்டளையிடுகிறவர் நீதவான். வழக்கு முடியாத நிலையிலே பிணை முறி எழுதி வாங்கிக்கொண்டு, கேட்டபோது கொண்டு வந்து காட்டவேண்டும், விற்கலாகாது என்ற நிபந்தனையோடு வண்டியை விடுவிப்பதும் உண்டு. அப்படி விடுவித்த வண்டி தெருவிலே ஓடுவதைப் பார்த்து எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைத்தால் மோசம் போகவேண்டியதுதான். ‘பொலிஸ் கொடுத்துவிட்டது’ என்று வாயினாற் சொல்வது போதாது.

அடுத்த ஞாயிறு மருமகனும் நானும் எங்கள் ஊர் மெக்கானிக் ஒருவரும் புறப்பட்டு, கண்டிக்கு அப்பால் ஒரு சிறு பட்டணத்திலே இருந்த அந்த மனிதர் வீட்டுக்குப் போனோம். மரியாதையுள்ள மனிதர். நான் ஆசிரியனாக இருந்தவன் என்று கேள்விப்பட்டதும், “வாருங்கள் மாஸ்டர், கடதாசி எல்லாம் இருக்கிறது, உட்கார்ந்து பாருங்கள்” என்று ஒரு பிளாஸ்ரிக் உறையைக் கொண்டு வந்து வைத்தார். நான் அதனைப் பிரித்துக்கொண்டிருக்க, மெக்கானிக் வண்டியின் கீழே படுத்துவிட்டார். ஒரே வண்டியை அவர் ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமுமாக வாசித்துக்கொண்டிருந்தோம் என்றே சொல்லலாம்.

அவருடைய வாசிப்பு என்னுடையதைவிடச் சுவையானது. முதலிலே அவர் தேடியது செசி நம்பர். வண்டியின் உடற்தகட்டிலே நேரடியாகப் பொறித்த எண்ணும், தனியாகப் பொருத்திய சிறு தகட்டின் எண்ணும், பதிவுப் பத்திரத்தின் எண்ணும் ஒன்றாக இருக்கவேண்டும். ஒரு தாளை எண்ணின்மேல் வைத்துப் பென்சிலால் மெல்லத் தேய்த்து எழுத்தை எடுத்தார். இந்தியாவிலே செய்யப்பட்ட மாருதி வண்டிகளுக்குப் பதினேழு எழுத்தும் எண்ணும் கொண்ட அடையாளம் உண்டு, அது ‘எம்.ஏ.3’ என்று தொடங்கும். பதினேழிலே ஆங்கிலத்து ஐ, ஓ, கியூ என்ற மூன்று எழுத்துகளும் வரவே கூடாது. ஒன்று, பூச்சியம் என்ற எண்களோடு மயங்கும் என்பதற்காக உலக முழுவதும் அவற்றை விலக்கிவிட்டார்கள். போலி எண் அடிக்கிறவன் அவசரத்திலே ஓர் ‘ஓ’வை அடித்துவிட்டால் அதுவே அவனைக் காட்டிக் கொடுக்கும். ஜப்பானிலே அந்நாட்டு உபயோகத்துக்கென்று செய்து, பின்னர் இங்கே வந்த வண்டிகளிலே இந்தப் பதினேழு இராது. மாதிரியின் குறியீடும் தொடரிலக்கமும் மட்டும் இருக்கும். அதைக் கண்டு மிரள வேண்டியதில்லை.

எண்ணைச் சுற்றியுள்ள வர்ணம் மற்ற இடத்தோடு ஒத்திருக்கிறதா, எழுத்துகள் ஒரே வரிசையிலே ஒரே ஆழத்திலே நிற்கின்றனவா, அராவிய தடம் தெரிகிறதா என்று விரலாலே தடவிப் பார்த்தார். அராவி அழித்தாலும் தப்ப முடியாது. கொப்பியிலே அழுத்தி எழுதினால் அடுத்த தாளிலும் எழுத்துப் பதிகிறதல்லவா? அதுபோல உருக்கிலே எண்ணை அடிக்கும்போது மேற்பரப்பு மட்டுமன்றி அதன் கீழுள்ள உலோகமும் நெரிந்துவிடுகிறது. மேலே உள்ளதை அராவிவிட்டுத் தகுந்த அமிலக் கரைசலைத் தடவினால், நெரிந்த இடமும் நெரியாத இடமும் வெவ்வேறு விதமாக அரிக்கப்பட்டுப் பழைய எண் நிழல்போலே எழுந்து நிற்கும். அரசாங்க இரசாயனப் பகுப்பாய்வாளர் திணைக்களத்திலே செய்யும் சோதனை இது. பள்ளியிலே இரசாயனம் படிக்கும் பிள்ளைகள் ஆசிரியரிடம் கேட்டு விளங்கிக்கொள்ளலாம்.

அதன்பின் சாவிகள். விற்பவர் கொடுத்தது இரண்டு சாவி. இக்னீஷனுக்கு ஒன்று, கதவுக்கு வேறொன்று. இதைக் கண்டு மருமகன் திடுக்கிட்டான். மெக்கானிக் சிரித்தார். “தம்பி, களவு போன வண்டி என்று அவர் சொன்னது உண்மை என்பதற்கு இதுவே சாட்சி. கள்வன் உடைத்தது இக்னீஷன் பூட்டை. அதை மட்டும் புதிதாகப் போட்டிருக்கிறார்கள். ஒரே சாவி இருந்திருந்தால்தான் நான் யோசித்திருப்பேன்.” டாஷ்போர்டின் கீழே வெட்டி ஒட்டிய வயர்களை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தார். நாலு சக்கரத்திலே இரண்டு வேறு வகை. ரேடியோ இருந்த இடம் வெறும் பொந்து. எஞ்சின் மட்டும் மாறவில்லை. அதன் எண்ணும் பத்திரத்தோடு பொருந்திற்று. கள்வன் கையிலே வண்டி எவ்வளவு காலம் எண்ணெய் மாற்றாமல் ஓடிற்றோ, அது எஞ்சினுக்கே வெளிச்சம். மேட்டிலே ஏற்றிப் பார்க்காமல் ஒன்றும் சொல்வதற்கில்லை என்றார் மெக்கானிக்.

திரும்பும் வழியிலே, 2025 இலே இங்கிலாந்திலே நடந்த ஒன்றை மருமகனுக்குச் சொன்னேன். சொலிஹல் என்ற ஊரிலே ஓர் இளைஞரின் ஹொண்டா சிவிக் வண்டியைக் கள்வர் வீட்டு முன்றிலிலிருந்தே கொண்டு போய்விட்டார்கள். அவர் அதே மாதிரி, அதே நிறத்திலே வேறொரு வண்டியைத் தேடி, எழுபது மைலுக்கு அப்பால் ஒரு விற்பனையாளரிடம் கண்டு, இருபதினாயிரம் பவுணுக்கு மேல் கொடுத்து வாங்கி வந்தார். எண் பலகை வேறு. ஓடிய மைலும் குறைத்துக் காட்டப்பட்டிருந்தது. வீட்டுக்கு வந்தபின் பார்த்தால், பின்பெட்டியிலே கூடாரம் அடிக்கும் முளை ஒன்று, மூலையிலே ஊசியிலை மரத்தின் சருகு, இனிப்புக் கடதாசி. எல்லாம் பழக்கப்பட்ட குப்பை! வழிகாட்டும் கருவியைத் திறந்தால் அவருடைய பெற்றோர் வீடும் பழைய பயணங்களும் அதிலே இருந்தன. தன்னுடைய காரைத் தானே விலை கொடுத்து வாங்கியிருந்தார்! எண்ணை மாற்றத் தெரிந்த கள்வனுக்குக் குப்பையைக் கூட்டத் தெரியவில்லை. 

என்னுடைய வாசிப்புக்கு வருகிறேன். உறையிலே இருந்தவை இவை: கொழும்புப் பக்கத்துப் பெண்மணி ஒருவர் பெயரிலே பதிவுப் பத்திரம், அவர் பொலிசிலே செய்த முறைப்பாட்டின் பிரதி, வண்டி அகப்பட்ட பின்னர் அதனைக் காப்புறுதி நிறுவனத்திடம் ஒப்படைக்கும்படி நீதவான் இட்ட கட்டளையின் பிரதி, அப்பெண்மணி கையொப்பமிட்டு, வாங்குபவர் பெயரும் திகதியும் எழுதாமல் விட்ட உரிமைமாற்றப் படிவங்கள். இப்படிப்பட்டதைத்தான் வாகன வியாபாரிகள் ‘ஓப்பன் பேப்பர்’ என்கிறார்கள். பெயரில்லாத படிவம் கைக்குக் கை போகும். வண்டியும் கூடப் போகும். மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களத்தின் புத்தகத்திலோ முதல் உரித்தாளரே நிற்பார். நடுவிலே எத்தனை பேர் வாங்கி விற்றார்கள் என்பதற்கு அடையாளமே இராது. கட்டணத்தையும் நேரத்தையும் மிச்சப்படுத்த நல்லவர்களும் இதைச் செய்கிறார்கள். ஆனால் நல்லவன் மிச்சப்படுத்த விட்ட அந்த வெற்றிடத்திலேதான் கெட்டவனும் தன் பெயரை மறைக்கிறான்.

“ஐயா, நீதவான் வண்டியைக் காப்புறுதிக் கம்பெனிக்குத்தானே கொடுத்தார்? கம்பெனி உங்களுக்கு விற்றதா?” என்று கேட்டேன்.

“எனக்கு இல்லை மாஸ்டர். கம்பெனி கேள்விப்பத்திரம் கோரி விற்றது. அதிலே ஒருவர் எடுத்தார். அவரிடம் நான் வாங்கினேன்.”

“அந்த விற்பனைக்குக் கடிதம்?”

அவர் தலையைச் சொறிந்தார். கடிதம் இருந்ததாம், எடுத்தவரிடம் இருக்கலாமாம். வண்டி கைக்கு வந்து எட்டு மாதம், ஒருவரும் தேடி வரவில்லையாம்.

ஆக, சங்கிலியிலே நாலு வளையம்: பறிகொடுத்த பெண்மணி, நிறுவனம், கேள்விப்பத்திரத்திலே எடுத்தவர், இவர். முதல் இரண்டுக்கும் எழுத்து இருக்கிறது. பின்னிரண்டுக்கும் வாய்ச்சொல் மட்டுமே. பின்னிரண்டும் பொய் என்று நான் நினைக்கவில்லை, இப்போதும் நினைக்கவில்லை. ஆனால் முப்பத்தெட்டு வருஷத்துக் கொழுந்தை வாய்ச்சொல்லுக்கு விட்டுக்கொடுக்க முடியுமா? நிறுவனம் விற்ற கடிதமும், எடுத்தவர் இவருக்கு விற்றதற்கு எழுத்தும், வழக்கு முடிந்துவிட்டது என்பதற்கு நீதிமன்றப் பதிவின் பிரதியும் வந்தால், கேட்ட விலையிலே ஒரு சதமும் குறைக்காமல் வாங்குகிறோம் என்று சொல்லி எழுந்தேன். மருமகன் முற்பணமாவது வைத்துவிட்டு வரலாம் என்று என் கையைப் பிடித்தான். நான் விடவில்லை. வழி முழுவதும் அவன் பேசவில்லை.

அவன் கோபத்திலும் நியாயம் இருந்தது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு வாரமும் தொலைபேசியிலே, “இன்னொருவர் காசோடு நிற்கிறார்” என்ற செய்தி வந்தது. அது மெய்யாகவும் இருக்கலாம். வியாபாரப் பேச்சாகவும் இருக்கலாம். ஒரு நாள் அவன் வந்து, “மாமா, ஏழைக்கு எல்லாக் கடதாசியும் சரியாக இருந்தால்தான் வாங்கலாம் என்றால், ஏழை ஒன்றும் வாங்கமாட்டான்” என்றான். எனக்குப் பதில் வரவில்லை. தங்கைதான் சொன்னாள்: “வாங்காவிட்டால் இருக்கிறது இருக்கும். வாங்கி அதை யாராவது வந்து ஓட்டிக்கொண்டு போனால், எனக்கு இன்னொரு முப்பத்தெட்டு வருஷம் இல்லையடா.”

ஏழாவது வாரத்திலே கடிதங்கள் வந்தன. அவற்றை அப்படியே நம்பாமல், கடிதத் தலைப்பிலிருந்த நிறுவனத்தின் அலுவலகத்துக்கு நேரே எழுதி உறுதி செய்துகொண்டோம். திணைக்களத்திலே கட்டணம் செலுத்தி வண்டியின் பதிவு விபரத்தைப் பெற்று, நிதிக் கம்பெனி எதுவும் உரிமை கோரவில்லை என்பதையும் பார்த்தோம். இவ்வளவும் ஆனபின், நான் மிக முக்கியம் என்று கருதிய கடைசி வேலை ஒன்று மிஞ்சியிருந்தது. அந்தப் பெண்மணியோடு பேசவேண்டும்.

அவருடைய தொலைபேசி எண்ணை விற்பவர் மூலமாகவே, அவருடைய சம்மதம் கேட்டுப் பெற்றோம். பேசியது நான் அல்ல; என் தங்கைக்குப் பேசவேண்டும் என்று ஆசை. தொலைபேசியைக் காதிலே வைத்துக்கொண்டு எழுந்து நின்றாள்; பெரியவர்களோடு பேசும்போது அவள் உட்காரமாட்டாள். அம்மையாரும் தமிழ் பேசுகிறவர்தான். இழப்பீடு முழுவதும் தமக்குக் கிடைத்துவிட்டது, படிவத்திலே கையொப்பமிட்டது தாமேதான், அந்த வண்டியிலே தமக்கு இனி ஒரு பாத்தியமும் இல்லை என்று தெளிவாகச் சொன்னார். 

“அம்மா, உங்களுக்கு மனக்குறை ஒன்றும் இல்லையே?” என்று கேட்டாள் தங்கை.

மறுமுனையிலே சிறிது நேரம் பேச்சில்லை. பிறகு அவர் கேட்டார்: “இடது பக்கத்துப் பின்கதவிலே ஒரு நசுங்கல் இருக்குமே, இன்னும் இருக்கிறதா? என் மகன் சைக்கிளால் இடித்தது.”

இருக்கிறது என்றான் மருமகன், பக்கத்திலே நின்றபடி. மெக்கானிக் அதையும் குறித்து வைத்திருந்தார்.

மார்கழியிலே பதிவு மாற்றம் நடந்தது. பணத்திலே ஒரு பகுதியை உடன்படிக்கை எழுதியபோதும், மிகுதியைப் பதிவு மாறிய அன்றும் கொடுத்தோம். உரித்தாளர் பெயர் மருமகனுடையதன்று; தங்கையுடையது. அவன் முதலிலே சிறிது முகம் சுளித்தான். காசு யாருடையதோ பெயரும் அவருடையதே என்றேன். இந்த ஒன்றிலே மட்டும் அவன் என்னோடு வாதாடவில்லை.

கந்தப்பளை ஏற்றத்திலே வண்டி திணறிற்று. கிளச்சை மாற்றவேண்டி வந்தது. அதற்கு வேறு கொஞ்சம் காசு போயிற்று. லயத்து வாசலிலே எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி, சூடம் கொளுத்தி, உள்ளே எல்லாவற்றையும் கழுவித் துடைத்தார்கள். அப்போது பின் ஆசனத்தின் இரும்புச் சட்டத்துக்குள்ளே ஏதோ சிக்கியிருப்பதைத் தங்கை கண்டாள். விரலை விட்டு இழுத்தாள். நீல நிறத்திலே ஒரு குழந்தைச் செருப்பு, ஒற்றைச் செருப்பு. கள்வரும் பார்க்கவில்லை, பொலிசாரும் பார்க்கவில்லை, எங்கள் மெக்கானிக்கும் பார்க்கவில்லை.

அதைக் கழுவி, அடுப்படியிலே காயவைத்து, அன்று மாலையே அம்மையாருக்குத் தொலைபேசியிலே சொல்லி, பார்சலிலே அனுப்பட்டுமா என்று கேட்டாள். அவர் சிரித்த சிரிப்பு எனக்கும் கேட்டது. “அவன் இப்போது ஐந்தாம் வகுப்பு. அந்தச் செருப்பிலே அவன் பெருவிரல்கூட நுழையாது. மற்றதையும் எப்போதோ எறிந்துவிட்டோம்” என்றாராம்.

செருப்பு இன்னும் தங்கை வீட்டுச் சுவரலமாரியிலே, சேமலாப நிதிக் கடதாசிகளுக்குப் பக்கத்திலே இருக்கிறது. எறிய அவளுக்கு மனம் வரவில்லை.